ஒரு காய்க் கோட்டம்

அந்தச் சைக்கிள் பிரேமை முதன்முதலில் தூக்கியபோது பின்னால் சாய்ந்து விழப் போனேன். இரும்பாயிற்றே என்று மூச்சை இழுத்து, காலை அகட்டி, இரண்டு கையாலும் எடுத்தேன். அது வெறும் கூடையைப் போல மேலே வந்துவிட்டது. கொடுத்த பலம் முழுக்க மிச்சமாகி என்னையே தள்ளியது. ஏணிக்குக் கீழே நின்ற மச்சான் சிரித்தார்.

"மாப்ளே, அது பிரேமு. நீ ஆட்டுக்கல்லத் தூக்குற மாதிரித் தூக்குற."

மச்சான் என் அக்காவின் கணவர். போடிமெட்டைத் தாண்டி, போடிக்காரர் ஒருவரின் ஏலக்காய்த் தோட்டத்தில் ஸ்டோர் அவர் பொறுப்பு. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும், சூடு தகரக் குழாய்களில் புகுந்து உள்ளே சுற்றி வரும், அடுக்கடுக்கான கம்பிவலைத் தட்டுகளில் காய் பரவிக் கிடந்து உலரும். நான் போடியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். தை விடுமுறைக்கு மேலே வந்திருந்தேன். வயது பத்தொன்பது. மேலுதட்டில், மீசை என்று நான் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று இருந்தது.

பிரேம் ஸ்டோரின் பரணில் கிடந்தது. முன்பு அந்தத் தோட்டத்தை வைத்திருந்து விற்றுவிட்டுப் போன யாரோ ஒருவருடைய ரேஸ் சைக்கிளின் எலும்புக்கூடு. சக்கரம் இல்லை, சீட்டு இல்லை, ஹேண்டில்பார் இல்லை. ஈரச் சாக்குகளை அதன்மேல் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று முதலாளி சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஏறிட்டும் பார்க்காத மச்சான் அன்று ஏணி போட்டதற்குக் காரணம் அவர் மீசை.

முந்தின நாள் சனிக்கிழமை, மெட்டு டீக்கடையில் பேச்சு வளர்ந்துவிட்டது. தோட்ட வேலைக்குப் பெண்களைக் காலையில் போடியிலிருந்து ஏற்றி வந்து மாலையில் இறக்கிவிடுகிற ஜீப்பு டிரைவர், இந்த இறக்கத்தில் தன் ஜீப்பை எதுவும் முந்தாது என்றார். நல்ல சைக்கிள் முந்தும் என்றார் மச்சான்.

"சைக்கிளா? கிணிகிணின்னு மணியடிச்சுக்கிட்டே வருமே, அதுவா?"

"அதேதாண்ணே. அடிவாரத்துல முந்தல் செக்போஸ்ட்டுக் கம்பத்தத் தாண்டி நின்னு, ஒங்களுக்கு டீ சொல்லி வச்சிருப்பேன்."

"தோத்துட்டா?"

மச்சான் அங்கே வாயை மூடியிருக்கலாம். "மீசை" என்றார்.

டிரைவருக்குக் காதுப்பக்கம்வரை போகிற மீசை. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "முழு மீசை வேணாம், பாவம். தோத்த பக்கம், ஒரு பக்க மீசை. வர்ற வெள்ளிக்கெழம. சரியா?"

சரி. டீக்கடை முழுக்கச் சாட்சி.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு அடுத்த புதன், சிலமலையில் மச்சானின் ஒரே தங்கைக்குக் கல்யாணம். அண்ணன் என்று வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட வேண்டியவர் அவர்தான். அரை மீசையோடு நின்றால் மாப்பிள்ளை வீடு சிரிக்கும். சரி, மறுபாதியையும் வழித்துவிடலாம் என்றால் அது அதைவிட மோசம். முழுக்க எடுத்த முகத்தைப் பார்த்தால் எங்கள் பக்கம் முதலில் கேட்பது, யாரு போய்ட்டாக என்றுதான். கல்யாண வீட்டில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

அக்கா அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே சொன்னாள்: "பாதி மீசையோட போயி நின்னீகன்னா நான் பக்கத்துல நிக்க மாட்டேன். பந்திப் பக்கம் போயிருவேன்."

"தோத்தாத்தான?"

"இந்த ஓட்டைக் கம்பிய வச்சா?"

அந்த ஓட்டைக் கம்பிமேல் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதை ஸ்டோர் வாசலில் சாக்கு விரித்துக் கிடத்திப் பார்த்தேன். நம் ஊர்ச் சைக்கிள் நின்றால் எருமை நிற்பது போல இருக்கும். இது கிடந்தாலே ஓடுவது போல இருந்தது. எனக்கு அப்போதே சக்கரத்தைப் பூட்டி அப்போதே ஏறிவிட வேண்டும். மதுரையிலிருந்து மெல்லிய சக்கரம் இரண்டும் போடிக் கடையிலிருந்து மற்ற சாமான்களும் செவ்வாய்க்கிழமை ஜீப்பில் வரும் என்றார் மச்சான். அதுவரை பிரேமைத் தயார் பண்ண வேண்டும். சுத்தம் பண்ணணும், மரை தட்டணும், கோட்டம் பாக்கணும், பெயிண்டு அடிக்கணும் என்று அவர் விரல் மடக்க மடக்க எனக்கு உள்ளங்கால் அரித்தது.

முதல் சண்டை பிபியோடு. பெடலின் அச்சு ஓடுகிற குட்டி இரும்புக் குடத்துக்கு சைக்கிள் கடையில் பிபி என்றுதான் பேர். அதன் இரண்டு வாயிலும் மரை வெட்டியிருக்கும். மரையில் கிண்ணம் போல ஒரு கப்பு முறுகி உட்கார்ந்திருக்கும். இடது கப்பு சீமெண்ணெய் ஊற்றியதும் வந்துவிட்டது. வலது கப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க நான் பிரேமைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, மச்சான் நீளக் குறடு போட்டுத் தொங்கினார். மத்தியானம் அவர் கட்டிப் பிடிக்க நான் தொங்கினேன். சீமெண்ணெய், தேங்காயெண்ணெய், கொதிநீர். கஞ்சி கொண்டுவந்த அக்கா சும்மா நின்று பார்த்தாள்.

"எந்தப் பக்கம் திருகுறீக?"

"கழட்டுற பக்கம்."

"அங்கிட்டுத் திருப்பிப் பாருங்களேன்."

"அங்கிட்டுத் திருப்புனா இறுகும்டி."

"இப்ப மட்டும் என்ன, எளகியா கெடக்கு?"

மரியாதைக்காக எதிர்ப்பக்கம் ஒரு திருகு திருகினார் மச்சான். கப்பு நழுவி வந்து அவர் கால்விரலில் விழுந்தது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் எதிர்மரை. மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படி வெட்டியிருக்கிறார்கள். பாதி நாளாக, கழட்டுகிறோம் என்று சொல்லி உயிரைக் கொடுத்து முறுக்கியிருக்கிறோம். கால்விரலைப் பிடித்துக்கொண்டு மச்சான் சிரித்தார், அதைப் பார்த்து நான் சிரித்தேன், அக்கா தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்த வாரம் எங்களுக்கு எல்லாமே சிரிப்பாக இருந்தது. ஐந்து நாளில் பந்தயத்துக்குப் போகப்போகிற மீசை அவர் முகத்தில் அவருக்கு முன்னால் குலுங்கியது.

மரையில் துரு. அதைச் சுத்தம் பண்ணுகிற கருவி எங்களிடம் இல்லை. கழற்றிய பழைய கப்பின் மரையில் அரத்தால் குறுக்கே நாலு காடி வெட்டினார் மச்சான். கிரீஸ் தடவி அதையே உள்ளே விட்டு, கால்சுற்று முன்னே, அரைச்சுற்று பின்னே என்று ஓட்டினார். ஒவ்வொரு காடியிலும் கறுப்புக் குழம்பாகத் துரு வந்தது. பிறகு உப்புத்தாள். நான் தேய்த்தேன். பழைய பெயிண்டு உரிந்து உரிந்து, கீழே ஒரு வெள்ளை வெயில் வந்தது. மலையில் மேகம் இறங்கி ஸ்டோரும் மரமும் மறைந்து போகிற நேரத்தில், என் கையில் மட்டும் அந்தக் குழாய் மின்னிக்கொண்டிருந்தது. மேகத்தைத் தேய்த்துக் கம்பியாக்குகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். தேய்க்கிற சோலியைப் பாரு என்றாள்.

திங்கட்கிழமை கோட்டம் பார்த்தோம். ஹேண்டில்பார் நுழையும் முன்கழுத்திலிருந்து சாக்குத் தைக்கிற நூலைக் கட்டி, ஒரு பக்கமாகப் பின்னுக்குக் கொண்டுபோய், பின்சக்கரம் உட்காரும் கவட்டையைச் சுற்றி, மறுபக்கமாக முன்கழுத்துக்கே கொண்டுவந்தோம். நடுவில் நிற்கிற சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் பிரேம் நேர். இல்லாவிட்டால் கோட்டம். கோட்டமான பிரேம், நேரே போ என்றால் பள்ளத்துக்குப் போகும்.

இடைவெளியை எதால் அளப்பது? ஸ்கேல் கிடையாது. ஆனால் காய் இருந்தது. எங்கள் பக்கம் ஏலக்காயைச் சல்லடை போட்டு ஆறு, ஏழு, எட்டு என்று மில்லிமீட்டர் கணக்கில் பிரிப்பார்கள். எட்டாம் நம்பர்ச் சல்லடையில் நின்ற காய்களில் ஒரே பருமனாகப் பார்த்து ஒரு கைப்பிடி எடுத்து வந்தார் மச்சான். நூலுக்கும் குழாய்க்கும் நடுவே ஒன்றை ஒட்டி ஒன்றாக விரலால் பிடித்துப் பார்த்தோம்.

"வலப்பக்கம் எத்தன மாப்ளே?"

"நாலு காய், மச்சான்."

"இங்கிட்டு மூணுதான் போகுது. ஒரு காய் கோட்டம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஓர் அளவு. தோசை ஒரு பக்கம் தடித்தால் ஒரு காய் கோட்டம். என் நடு வகிடு அரைக்காய் கோட்டம்.

சவுக்கு மரக் கவட்டையில் பிரேமின் பின்கால்களைக் கொடுத்து, இரண்டு பேரும் மெதுவாக நெம்பினோம். ஒரு காய் குறைகிறதல்லவா, ஒரு காய் அளவுக்கு நகர்த்தினோம். நூல் கட்டினோம். இப்போது இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் மூணு. மறுபடி அந்தப் பக்கம் ஒரு காய். மறுபடி வலப்பக்கம் நாலு. மூன்று தடவை இப்படி சீசாப் பலகை ஆடினோம். தட்டில் காய் கிளறிக்கொண்டிருந்த அக்கா சன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"அரைக்காய் தள்ளுனா அங்கிட்டு அரை கொறையும், இங்கிட்டு அரை கூடும். காலேஜ்ல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாகளாடா?"

நான் படித்துக்கொண்டிருந்தது கணக்கு. மச்சான் என்னைப் பார்க்கவே இல்லை, அவ்வளவு நல்லவர். அரைக்காய் நெம்பினோம். இரண்டு பக்கமும் மூன்றரை. நூலைச் சுண்டினேன், வீணைக் கம்பி போல ஒரு சத்தம் வந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்து, ஸ்டோரைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்தேன்.

இனிமேல்தான் நான் செய்தது.

பெயிண்டு அடிக்கும் முன், மரையில் பெயிண்டு போகாதபடி பிரேமின் வாய்களையெல்லாம் துணி அடைக்கச் சொன்னார் மச்சான். பிபிக்கு இரண்டு வாய், முன்கழுத்துக்கு மேலும் கீழும் இரண்டு, சீட்டுக் குழாய்க்கு ஒன்று. ஐந்து. அக்காவின் பழைய பாவாடையைக் கிழித்து நாலை அடைத்தேன். துணி தீர்ந்தது. ஐந்தாவதுக்கு, அதாவது முன்கழுத்தின் மேல்வாய்க்கு, வீட்டுவரை போய்த் துணி எடுத்துவர வேண்டும். ஐம்பது அடி நடை. என் அவசரம் அந்த ஐம்பது அடிக்கு இடம் தரவில்லை.

"எல்லாத்தையும் அடச்சாச்சா மாப்ளே?"

"ஆச்சு மச்சான். பெயிண்ட வெரசா கொண்டாங்க."

அரக்குச் சிவப்பு. ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. தை மாதப் பனியில் வெளியே காயாது என்று ஸ்டோருக்குள்ளேயே தொங்கவிட்டோம். முதலாளியின் காய் அத்தனையும் மூட்டையாகிப் போடிக்கு இறங்கிவிட்டது, தட்டில் கிடந்தது வீட்டுச் செலவுக்கு முதலாளி விட்ட கடைசிப் பறிப்பு மட்டும். மேலே காய், கீழே பிரேம், சுற்றிலும் சூடு. அக்கா தட்டைக் கிளறினாள். ஓரத்துக் காய்கள் உருண்டு விழுந்தன. சில தரையில் விழுந்தன. சில ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டன; உரித்தபோது அந்த இடத்தில் காயின் வரிவரியான தடம் அப்படியே பதிந்திருந்தது. சில, திறந்து கிடந்த ஐந்தாம் வாயில் விழுந்து, கழுத்திலிருந்து பிபிக்கு இறங்கும் கீழ்க்குழாய்க்குள் போயின. அது எங்களுக்குத் தெரியாது.

புதன்கிழமை பூட்டினோம். முன்கழுத்தில் ஹேண்டில்பாரை நான் பூட்டி முடித்ததும், பிரேமைத் தலைகீழாக நிறுத்தித்தான் மற்றத் துணிகளை உருவினோம், பிபிக்கு கிரீஸ் வைத்தோம், பால்ஸ் குண்டுகளைப் பதித்தோம், அச்சைச் சொருகிக் கப்பை முறுக்கினோம், வலது கப்பை மறக்காமல் எதிர்ப்பக்கம். பிறகு நிமிர்த்தினேன். உள்ளே ஏதோ கலகலவென்று உருண்டது.

"என்ன மாப்ளே சத்தம்?"

எனக்கும் கேட்டது. திரும்பக் கழற்ற வேண்டும், திரும்ப கிரீஸ், திரும்பக் குண்டு. "துருவா இருக்கும் மச்சான்" என்றேன்.

அவர் என்னை நம்பினார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், மெட்டு டீக்கடை வாசலில் ஜீப்பும் சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஜீப்பில் வேலை முடிந்த பெண்கள் பத்துப் பேர், சாட்சிக்கு அக்காவும் நானும். டீக்கடைக்காரர் துண்டை வீசினார். மச்சானின் சிவப்புச் சைக்கிள் ஒரு கோடாகக் கிழித்துக்கொண்டு போய் முதல் வளைவில் காணாமல் போனது.

"ஏத்தா, போன வேகத்துல ஒம்புருசன் மீசைய இங்கயே விட்டுட்டுப் போயிட்டாரு போல" என்றாள் ஒருத்தி.

"டிரைவரண்ணே, ஒங்க மீசை காத்துக்குப் படபடங்குது, ஜன்னல சாத்துங்க" என்றாள் அக்கா.

ஜீப்பு உறுமியது, சாய்ந்தது, எல்லோரும் ஒரு பக்கம் சரிந்து அடுத்த வளைவில் மறுபக்கம் சரிந்தோம், யார் மடியில் யார் இருக்கிறோம் என்று தெரியவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் பள்ளத்தின் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒரு வளைவு கீழே அந்தச் சிவப்பு. அடுத்ததில் பார்த்தால் இரண்டு வளைவு கீழே. மலை தன் சேலைத் தலைப்பை உதறி உதறி மடிப்பது போல ரோடு மடிந்து மடிந்து இறங்க, அந்த மடிப்புக்குள் அவர் மறைந்தார், வந்தார், மறைந்தார். கீழே போடி சாயங்கால வெயிலில் சிந்திய பொரியாகக் கிடந்தது. டிரைவரின் கை தானாக மீசைக்குப் போனது. பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். அப்புறம் அவரை ரோட்டைப் பார்க்க விடவில்லை.

முந்தலில் கடைசி வளைவு திரும்பினோம். செக்போஸ்ட்டுக் கம்பம் இறக்கியிருந்தது. கம்பத்துக்கு இந்தப் பக்கம், சைக்கிள் தலைகீழாக நின்றது. ஒரு காவலர் குனிந்து பிபியில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மச்சான், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

நடந்தது இதுதான். குழாய்க்குள் உருண்ட காய்கள் பிபிக்குள் இறங்கி, மிதிக்கிற மிதியில் அச்சோடு அரைபட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. மலையிலிருந்து காய் இறக்கினால் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாத காயை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிக்கிற மூக்கு அந்தக் காவலருக்கு. அவர் முன்னால் வந்து நின்றது, ஓடுகிற ஏலக்காய் உரல்.

"சீட்டு எங்கப்பா?"

"காயே இல்லைங்க. இது சைக்கிளு."

"அப்ப பாயாசத்துலயா ஓட்டிட்டு வந்த?"

தினமும் போகிற ஜீப்புக்குக் கம்பம் தானாக உயர்ந்தது. டிரைவர் பத்தடி தாண்டி நிறுத்தி, இறங்கி வந்து, மச்சானின் மீசையை மட்டும் பார்த்தார். காவலர் கப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றி, பிரேமைக் குலுக்கினார் மச்சான். பதினோரு காய் விழுந்தது. நாலு அரைபட்டது, ஏழு முழுசு. காவலர் எண்ணிப் பார்த்துவிட்டு, இதற்குச் சீட்டு எழுதினால் தாள் செலவு என்று சிரித்துவிட்டு, முழுசுகளைத் தன் டீக்கு எடுத்துக்கொண்டார்.

"நாந்தான மொதல்ல வந்தேன்" என்றார் மச்சான்.

"வந்தீக. தாண்டலயே" என்றார் டிரைவர். "கம்பத்தத் தாண்டணும்னு ஒங்க வாயாலதான் சொன்னீக."

உண்மைதான். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தச் சத்தம் துரு இல்ல போல, மாப்ளே" என்றார், அவ்வளவுதான். கை மெதுவாக மீசையைத் தொட்டது. புதன்கிழமை வாசலில் நின்று அவர் கும்பிடப்போகிற முகம் எனக்குத் தெரிந்தது.

"அஞ்சாவது வாய நான் அடைக்கல" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "துணி தீந்துபோச்சு. அடச்சாச்சுன்னு பொய் சொன்னேன். அவருமேல தப்பில்ல. எம்மீசைய எடுத்துக்கங்க."

டிரைவர் என் முகத்தருகே வந்து தேடினார். "எங்க இருக்கு?"

ஜீப்பு முழுக்கச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்தாள்.

"அண்ணே, பந்தயத்துல என்ன சொன்னீக? அதே பேச்ச அப்படியே சொல்லுங்க."

"தோத்த பக்கம், ஒரு பக்க மீசைன்னேன்."

"தோத்த பக்கம்னா இவரு மட்டுமா? பிரேமத் தேச்சது இவன், பெயிண்டு அடிச்சது இவன், கெடுத்ததும் இவன். இவனும் அந்தப் பக்கந்தான. எந்தாளு மீசைன்னு நீங்க சொல்லலயே."

டிரைவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஜீப்பிலிருந்து பத்துக் குரலும் வந்துவிட்டன. ஆமா, அவரு சொல்லல, நாங்க கேட்டோம் என்று, டீக்கடைக்கே வராதவர்கள்கூட. நாளைக்கும் அவர்களைத்தான் ஏற்றி வர வேண்டும். டிரைவர் தலையைச் சொறிந்தார். "என்னத்தயாச்சும் ஒண்ணச் செரச்சாச் சரி" என்றார்.

செக்போஸ்ட்டு மரத்தடியில் முடி வெட்டுகிறவர் ஒருவர் இருந்தார். என்னை உட்கார வைத்து, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். இடது என்றேன். ஒரே இழுப்பு. சோப்புகூடப் போடவில்லை.

புதன்கிழமை சிலமலையில், முழு மீசையோடு மச்சான் வாசலில் நின்றார். சிவப்புச் சைக்கிள் பந்தல் காலில் சாய்ந்து நின்றது, காய்த்தடம் தெரிய. நான் வலப்பக்கத்தைக் கையால் மறைத்தபடி சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தேன், இடப்பக்கத்தை மறைத்தால் தெரிந்துவிடும் என்று ஏதோ ஒரு கணக்கு. ஒருத்தரும் கவனிக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. பத்தொன்பது வருடத்து ஆண்மையில் பாதி போயிருக்கிறது, ஊரில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை.

சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளையோடு குடும்பமாக நின்று போட்டோ எடுத்தோம். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர், வெளியே எடுத்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒதட்டுமேல வலப்பக்கம் ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கு. தொடச்சுட்டு வாங்க."

மச்சானின் தோள் என் தோளில் குலுங்க ஆரம்பித்தது. அந்தப் பக்கம் அக்கா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அது அழுக்கு இல்லைங்க" என்றார் மச்சான், நேராகப் பார்த்தபடி. "ஒரு காய் கோட்டம். நீங்க எடுங்க."